அண்ணனின் கிட்டாருக்கு ஒரு பிரிட்ஜ்

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் எங்கள் வீட்டில் ஒருவரும் மேசையில் அமர்ந்து உணவருந்தவில்லை. அம்பத்தூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் ஒரே ஒரு மேசைதான் உண்டு. அதன்மேல் ஒரு மின்சாரக் கிட்டார் குப்புறக் கிடந்தது. அதைச் சுற்றிலும் திருப்புளிகள், எண்ணெய்க் குப்பி, பழைய பல் துலக்கும் பிரஷ், காகிதத்தில் மடித்து வைத்த சிறுசிறு ஸ்க்ரூக்கள். என் மனைவி பாயை விரித்துத் தரையில் பரிமாறினாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது யாருடைய கிட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

பிரியமானவர்களே, சபையில் வாத்தியம் இசைக்கும் பிள்ளைகள் உங்கள் வீடுகளிலும் இருப்பார்கள். கிட்டாரின் பிரிட்ஜ் கெட்டுப்போய், மாற்றுப் பிரிட்ஜ் தேடி அலையும் நாள் அவர்களுக்கும் ஒருநாள் வரும். நான் செய்த தவறுகளை உள்ளபடி எழுதினால் யாராவது ஒருவருடைய பணமாவது மிஞ்சும் என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

எங்கள் சொந்த ஊர் குளத்தூர். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், பாறசாலைக்கும் பொழியூர்க் கடற்கரைக்கும் இடைப்பட்ட பகுதி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் தமிழர் மாநிலத்தோடு சேர்ந்தபோது, எங்கள் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகையால் நாங்கள் பள்ளியில் மலையாளம் படித்தோம், வீட்டில் தமிழ் பேசினோம். தமிழ் எழுத்தை வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் வைத்தே கற்றுக்கொண்டோம். சபையிலும் அப்படித்தான். ஒரு மூலையிலிருந்து ஒரு பாட்டி தமிழ்ப் பாடல் ஒன்றை எழுப்புவார். அது முடியுமுன் மறு மூலையிலிருந்து ஒரு சகோதரன் மலையாளப் பாடலைத் தொடங்குவார். எந்தச் சுருதி என்று யாரும் முன்னால் சொல்லமாட்டார்கள். வாசிக்கிறவன் இரண்டு வரிக்குள் அதைக் கண்டுபிடித்துச் சேர்ந்துகொள்ள வேண்டும். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. எந்த பிரிட்ஜ் வாங்குவது என்ற கேள்விக்கு இந்த வழக்கமே பாதி விடையாயிற்று.

என் மூத்த அண்ணன் ஷார்ஜாவில் எலெக்ட்ரீஷியனாக வேலை செய்தார். 1996-இல் விடுமுறைக்கு வந்தபோது கறுப்புப் பெட்டியில் இந்தக் கிட்டாரைக் கொண்டுவந்தார். கொரியாவில் செய்யப்பட்டது, ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிட்டாரின் வடிவில் அமைந்தது. மறு ஆண்டே அவர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு தங்கிவிட்டார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் சபையின் ஆராதனைகளில் அந்தக் கிட்டார் ஒலித்தது. 2019-இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. நடக்கிறார், பேசுகிறார், சொற்கள் சற்றுக் குழறும். இடது கை மட்டும் திரும்பவில்லை. இடது கை இல்லாமல் கிட்டாரில் என்ன செய்ய முடியும்? பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

2022 ஓணத்துக்கு நாங்கள் ஊருக்குச் சென்றிருந்தபோது, அண்ணன் அந்தப் பெட்டியைத் தம் வலது காலால் வெளியே தள்ளி, என் மகனிடம், "மக்களே, நீ கொண்டு போ. கட்டிலுக்கு அடியில் கிடந்து என்ன பிரயோஜனம்? ஆனால் ஜனவரிக் கன்வென்ஷனுக்கு இதையே கொண்டுவந்து வாசிக்க வேண்டும்" என்றார். மகனும் "சரி, பெரியப்பா" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். அப்போது ஒருவரும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

சென்னைக்கு வந்து திறந்தோம். மரம் நன்றாயிருந்தது. கழுத்து வளையவில்லை. பிரிட்ஜ் மட்டும் கிணற்றிலிருந்து எடுத்த வாளிபோல் இருந்தது.

கிட்டார் அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்லுகிறேன். வீணையில் கம்பிகள் ஏறி நிற்கும் பாகத்தைக் குதிரை என்பார்கள். கிட்டாரில் அதே வேலையைச் செய்வதுதான் பிரிட்ஜ். அதன்மேல் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சிறு உலோகத் துண்டு உண்டு. அதற்கு ஆங்கிலேயர் இட்ட பெயருக்குச் சேணம் என்று பொருள். குதிரையை நாம் வைத்துக்கொண்டோம், சேணத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் போலும்! நம் பிள்ளைகள் அதை 'சேடில்' என்கிறார்கள். ஒவ்வொரு சேடிலிலும் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு ஸ்க்ரூக்கள், முன்னும் பின்னும் நகர்த்த ஒரு ஸ்க்ரூ. ஆறு கம்பிகளுக்குப் பதினெட்டு. இந்தப் பதினெட்டும் அசைந்தால்தான் கிட்டார் சுருதி சேரும். அண்ணனுடைய கிட்டாரில் பதினொன்று அசையவில்லை. இருபது ஆண்டுக் கை வியர்வை, பொழியூரிலிருந்து வரும் உப்புக்காற்று, அதற்குமேல் மூன்று ஆண்டுகள் மூடிய பெட்டிக்குள் ஈரம். மேலே பூசிய குரோமியம் கொப்புளித்து உரிந்திருந்தது.

புதியது வாங்குமுன் பழையதைக் காப்பாற்றப் பார்த்தோம். துரு நீக்கும் எண்ணெயைத் துளித்துளியாக விட்டு இரவு முழுவதும் ஊறவைத்தோம். பிறகு சால்டரிங் அயர்னின் நுனியை ஸ்க்ரூவின் தலையில் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கி, ஆறியபின் ஆலன் கீயால் மெல்லத் திருப்பினோம். இந்த முறையில் ஏழு ஸ்க்ரூக்கள் விடுதலையாயின. உங்கள் கிட்டாரில் இரண்டொன்று மட்டுமே பிடித்திருக்குமானால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், புதிய பிரிட்ஜ் தேவையே இல்லை. எங்களுக்கு இரண்டின் தலை உடைந்தது, மற்ற இரண்டு அசையவே இல்லை. மாற்றுவதைத் தவிர வழியில்லை என்று தெரிந்தது.

அங்கேதான் எனக்கும் மகனுக்கும் வழக்கு ஆரம்பித்தது.

அவன் கேட்டது ஃபிளாய்ட் ரோஸ் என்ற வகை. அமெரிக்க கிட்டார் கலைஞரான ஃபிளாய்ட் ரோஸ் 1970-களின் பிற்பகுதியில் அதை உருவாக்கி, 1979-இல் காப்புரிமை பெற்றார். கழுத்தின் மேல்முனையில் ஒரு பூட்டு, பிரிட்ஜில் ஒரு பூட்டு. இரண்டுக்கும் நடுவே கம்பி சிறைப்பட்டிருப்பதால், கைப்பிடியை எவ்வளவு ஆட்டினாலும் சுருதி கலையாமல் திரும்பி வந்து நிற்கும். கம்பிகளின் ஓசையைப் பாதாளம்வரை இறக்கி மீண்டும் ஏற்றலாம். அதற்குமுன் இருந்த கருவிகளில் அது இயலவில்லை. அவன் வயதில் நானும் அதைத்தான் விரும்பியிருப்பேன். வாலிபர் கூடுகைகளில் இக்காலத்துப் பாடல்களுக்கு அந்த ஓசை வேண்டியிருக்கிறது என்று அவன் சொன்னதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் ஃபிளாய்ட் ரோஸ் பொருத்த வேண்டுமானால் கிட்டாரின் உடலைக் குடைய வேண்டும். இப்போதுள்ள பள்ளத்தை அகலமாக்கி, முன்புறத்தில் புதிய துளைகள் இட்டு, கழுத்தின் மேல்முனையையும் செதுக்க வேண்டும். மரத்தை ஒருமுறை எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது. "அது பெரியப்பாவின் கிட்டார்" என்றேன். "பெரியப்பா எனக்குத் தந்துவிட்டாரே" என்றான். இருவர் சொன்னதும் உண்மைதான். அன்று இரவு நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் முதுகுப்புறத்து பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினோம். உள்ளே இரண்டு மரத்துண்டுகள் இருந்தன.

இதை விளங்கிக்கொள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிரிட்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். லியோ ஃபெண்டர் 1954-இல் கலிஃபோர்னியாவில் அந்தக் கிட்டாரை வெளியிட்டபோது, ஆறு ஸ்க்ரூக்களின்மேல் முன்னும் பின்னும் சாயும் ஒரு தகட்டை அமைத்தார். தகட்டுக்குக் கீழே ஒரு கனத்த உலோகக் கட்டை கிட்டாரின் உடலுக்குள் இறங்கி நிற்கும். கம்பிகள் தகட்டை ஒருபுறம் இழுக்கும். முதுகுப்புறத்திலுள்ள ஸ்பிரிங்குகள் அந்தக் கட்டையை எதிராக இழுக்கும். இரண்டும் சமமாயிருக்கும்வரை சுருதி நிற்கும். கைப்பிடியை அழுத்தினால் ஓசை இறங்கும், விட்டால் ஏறும். இதற்கு அவர் டிரெமொலோ என்று பெயர் வைத்தார். டிரெமொலோ என்றால் ஒலியின் அளவு கூடிக் குறைவது. சுருதி கூடிக் குறைவதற்கு விப்ராட்டோ என்றே பெயர். அன்று அவர் மாற்றி வைத்த பெயரை உலகம் இன்றுவரை மாற்றவில்லை.

இந்தச் சமநிலையில் ஓர் ஆபத்து உண்டு. தகடு மரத்தில் படியாமல் மிதந்துகொண்டிருக்கும்போது ஒரு கம்பி அறுந்தால், ஸ்பிரிங்கின் கை ஓங்கிவிடும். மற்ற ஐந்து கம்பிகளும் ஒரே நொடியில் சுருதி ஏறிவிடும். 1998-இல் எங்கள் ஊர்க் கன்வென்ஷனில் அதுவே நடந்தது. பந்தல் நிறையச் சனம். முதல் கம்பி அறுந்தது. நான் அன்று பந்தலின் பின்வரிசையில் இருந்தேன். அண்ணன் இரண்டு தடவை வாசிக்க முயன்று, முகம் வெளிறி, கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்ததைப் பார்த்தேன். கைத்தாளமும் டிரம்மும் மாத்திரம் தொடர்ந்தன. யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அவர் எண்ணினார்.

அதன்பின் அவர் செய்ததைத்தான் நாங்கள் அந்த மூடிக்குள் கண்டோம். ஸ்பிரிங்குகளை இறுக்கித் தகட்டை மரத்தோடு படிய வைத்து, உலோகக் கட்டைக்கு முன்னும் பின்னும் அயனி மரத்துண்டுகளைச் செருகி, அது எந்தப் பக்கமும் அசையாதபடி செய்திருந்தார். எங்கள் மாமா தச்சுவேலை செய்தவர். அவருடைய பட்டறையில் இழைத்திருக்க வேண்டும். ஒரு துண்டில் பென்சிலால் '1998' என்று எழுதியிருந்தது. எரிக் கிளாப்டன் என்ற உலகப் புகழ்பெற்ற கலைஞரும் தம் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அதே இடத்தில் மரத்துண்டை வைத்து பிரிட்ஜை அசையாமல் நிறுத்தியிருந்தார். அண்ணன் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை.

மகன் அந்தத் துண்டைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். உடனே மனம் மாறிவிட்டான் என்று எழுதினால் அது பொய்யாகும். "சரி, குடைய வேண்டாம். ஆனால் ஆட்டவே கூடாது என்றால் எப்படி?" என்றான். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மற்ற வகைகளையும் யோசித்தோம். ஆடாமல் நிற்கும் ஹார்ட்டெயில் வகை எனக்குப் பிடித்தமானது. ஆனால் அதைப் பொருத்த, ஏற்கெனவே உள்ள பெரிய பள்ளத்தை மரத்தால் அடைக்க வேண்டும். கிப்சன் நிறுவனத்தில் டெட் மெக்கார்ட்டி என்பவர் தலைமையில் 1954-இல் வந்த ட்யூன்-ஓ-மேட்டிக் உயரமானது. கழுத்து சற்றுப் பின்சாய்வாகப் பொருத்தப்பட்ட கிட்டார்களுக்கே அது ஒத்துவரும். ஆகவே பழையதைப் போன்ற ஆறு ஸ்க்ரூ பிரிட்ஜையே வாங்குவது என்று முடிவாயிற்று.

இனி என் தவறு. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இருபத்தெட்டு ஆண்டுகளாக வெர்னியர் காலிப்பரும் கையுமாக வேலை செய்கிறவன். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தவறினால் பொருளைத் தள்ளிவிடுகிறவன். அப்படிப்பட்ட நான், "ஆறு ஸ்க்ரூ, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை" என்று பெட்டியில் எழுதியிருந்ததை மட்டும் பார்த்து, அளந்து பாராமல் பணத்தைக் கட்டிவிட்டேன். வந்து சேர்ந்ததை வைத்துப் பார்த்தால், நடுவில் இரண்டு துளைகள் ஏறக்குறைய ஒத்துப்போயின. ஓரத்துத் துளைகள் மரத்தின்மேல் நின்றன. பெட்டியைத் திறந்துவிட்டதால் திருப்பி வாங்கமாட்டோம் என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். மகன் ஒன்றும் சொல்லவில்லை. என் காலிப்பரை எடுத்துவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

நடந்தது இதுதான். அமெரிக்கப் பழைய அளவில் ஓரத்து இரண்டு ஸ்க்ரூக்களுக்கும் இடையே சுமார் 56 மில்லிமீட்டர். ஆசிய நாடுகளில் செய்யப்பட்ட பல கிட்டார்களில் அது 52.5 மில்லிமீட்டர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 'புதிய துளை இட்டுக்கொண்டால் போயிற்று' என்று எனக்கும் ஒரு எண்ணம் வந்தது. கிட்டார் பழுதுபார்க்கும் ஒரு சகோதரர் தடுத்தார். அகலமான பிரிட்ஜில் கம்பிகளும் அகலமாக நிற்கும். குறுகிய கழுத்தில் முதல் கம்பியும் ஆறாம் கம்பியும் விளிம்புக்கு வந்துவிடும். விரலால் அழுத்தும்போது கம்பி கழுத்தைவிட்டு வெளியே நழுவும் என்றார். அந்த பிரிட்ஜ் இன்றும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. அகலமான கிட்டார் வைத்திருக்கும் எவருக்காவது கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

ஆகையால் கடைக்குப் போகுமுன் அளந்துகொள்ளுங்கள். இரண்டு ஓரத்துத் துளைகளின் மையத்திலிருந்து மையம்வரை அளப்பது கடினமாகத் தோன்றினால், ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து மறு துளையின் இடது விளிம்புவரை அளந்தால் அதே கணக்கு வரும். அடுத்து, முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் சேடிலின்மேல் உள்ள இடைவெளி. பிறகு, உள்ளே இறங்கும் உலோகக் கட்டையின் ஆழம். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முழு அளவுக் கட்டை 40 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகம். மெல்லிய உடலுடைய கிட்டாரில் அது முதுகுப்புறம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மூடியைப் போட முடியாது. அண்ணனுடைய கிட்டாருக்கு 36 மில்லிமீட்டர்தான் இடம் இருந்தது. கைப்பிடி திருகும் துளையிலும் அமெரிக்க அளவு வேறு, ஆசியாவின் 5 அல்லது 6 மில்லிமீட்டர் அளவு வேறு. பழைய கைப்பிடியைப் புதியதில் வலிந்து திருகினால் மரை போய்விடும்.

உலோகத்தைப் பற்றி வாலிபர்கள் மிகவும் வாதாடுகிறார்கள். எஃகுக் கட்டையில் ஓசை நீண்டு நிற்கும், துத்தநாகக் கலவையில் செத்துப்போகும், பித்தளையில் இனிக்கும் என்பார்கள். இரண்டையும் பொருத்திக் கேட்டதில், வித்தியாசம் இருக்கிறது என்று என் மகனும், இல்லை என்று நானும் சொன்னோம். என் காது பட்டறையில் கெட்டுப்போன காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓசையை விட்டுவிட்டாலும், துத்தநாகக் கலவையில் மரை சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பது நிச்சயம். கடையில் ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோய்க் கட்டையில் வைத்துப் பாருங்கள். எஃகானால் பிடித்துக்கொள்ளும், துத்தநாகமும் பித்தளையும் பிடிக்காது. கடலோரத்தில் வாசிக்கிறவர்கள் சேடில்களை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குவது நல்லது. சென்னையும் கடலோரம்தானே!

இரண்டாம் முறை 52.5 மில்லிமீட்டர், 36 மில்லிமீட்டர் ஆழமுள்ள எஃகுக் கட்டை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சேடில்கள் என்று கேட்டு வாங்கினோம். மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. முதல் பிரிட்ஜின் பணத்தை இதில் நான் சேர்க்கவில்லை. தளர்ந்துபோயிருந்த இரண்டு பழைய துளைகளைக் கடினமான மரக் குச்சியும் பசையும் கொண்டு அடைத்து, ஒருநாள் உலரவிட்டு, மீண்டும் துளையிட்டோம்.

அந்த வாரத்தில் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். என்ன வாங்கினாய், எவ்வளவு ஆயிற்று என்று ஒன்றும் கேட்கவில்லை. "எர்த் கம்பியைத் திரும்ப வைத்தாயா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். குழறலில் முதலில் எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறை சொன்னார்.

முதுகுப்புறத்தில் ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் தகட்டில் ஒரு மெல்லிய கம்பி பற்றவைக்கப்பட்டிருக்கும். அதன் வழியாக பிரிட்ஜும் ஆறு கம்பிகளும் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைகின்றன. அது விட்டுப்போனால் கிட்டார் இரையும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் அடங்காது. ஆனால் அண்ணன் கேட்டதற்கு வேறு காரணம் இருந்தது. ஆம்ப்ளிஃபயருக்குச் சரியான எர்த் இல்லாமற்போனால், வாசிக்கிறவனுடைய கை ஒரு மின்சாரத்திலும், மைக்கைத் தொடும் உதடு வேறொரு மின்சாரத்திலும் இருக்கும். எங்கள் பழைய சபைக் கட்டடத்தில் இரண்டு துளை பிளக்குகள் இருந்த காலத்தில் அண்ணன் உதட்டில் அடி வாங்கியிருக்கிறார். ஸ்டோன் த க்ரோஸ் என்ற ஸ்காட்லாந்துக் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே 3-ஆம் தேதி வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீயில் மேடையிலேயே மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். சிலர் அடி விழுகிறதென்று கிட்டாரில் உள்ள அந்தக் கம்பியை வெட்டிவிடுகிறார்கள். அடி விழுந்தால் சரிசெய்ய வேண்டியது பிளக்கின் மூன்றாவது காலையும் கட்டடத்தின் எர்த்தையும். ஜெனரேட்டர் வைத்துப் பந்தல் போடும் சபைகளில் ஊழியரும் மூப்பரும் இதை வாத்தியக்காரர் தலையில் விட்டுவிடாமல் தாங்களே எலெக்ட்ரீஷியனைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தாழ்மையாய்க் கேட்டுக்கொள்ளுகிறேன். எர்த் ராடு அடித்திருக்கிறதா, இ.எல்.சி.பி. இருக்கிறதா என்று கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

கம்பியைத் திரும்பப் பற்றவைத்தோம். மல்டிமீட்டரை வைத்து, சேடிலிலிருந்து பிளக்கின் வெளிப்புறம்வரை தொடர்பு இருக்கிறதென்று உறுதிப்படுத்தியபின்தான் மூடியைப் போட்டோம்.

சுருதி சேர்ப்பது மகனுடைய வேலை. கழுத்தின் மேல்முனையிலிருந்து பன்னிரண்டாம் ஃபிரெட்வரை அளந்து, அதை இரட்டித்து, முதல் கம்பியின் சேடிலை அந்த நீளத்தில் நிறுத்தினான். இந்த வகைக் கிட்டாரில் அது 648 மில்லிமீட்டர், அதாவது இருபத்தைந்தரை அங்குலம். கனத்த கம்பிகளுக்குச் சேடிலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ள வேண்டும். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் ஓசையும், அங்கேயே அழுத்தி எழுப்பும் ஓசையும் ஒன்றாயிருக்க வேண்டும். அழுத்திய ஓசை கூடியிருந்தால் சேடில் பின்னுக்கு, குறைந்திருந்தால் முன்னுக்கு. ஆறு கம்பிக்கும் இதைச் செய்ய அவனுக்கு ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. அன்றிரவு மேசையில் அமர்ந்து உணவருந்தினோம்.

அவனுடைய கேள்விக்கு வருகிறேன். தகடு மரத்தோடு படிந்திருந்து, ஐந்து ஸ்பிரிங்குகளும் இறுக்கமாக இழுத்துப் பிடித்திருக்குமானால், ஒரு கம்பி அறுந்தாலும் தகடு அதற்குமேல் கீழே இறங்க முடியாது. ஆகவே மற்றக் கம்பிகள் நிற்கும். கட்டைக்குப் பின்புறமுள்ள மரத்துண்டை மட்டும் எடுத்துவிட்டால், கைப்பிடியை அழுத்தி ஓசையை இறக்கலாம், ஏற்ற முடியாது. பாதி அவனுக்கு, பாதி அண்ணனுக்கு. மகன் '1998' என்று எழுதிய துண்டை உள்ளேயே விட்டு, மற்றதை எடுத்துப் பெட்டியின் சிறு அறைக்குள் பத்திரமாக வைத்தான்.

2023 ஜனவரியில் இரவு இரயிலில் நாகர்கோவில் வந்து இறங்கி, களியக்காவிளை வழியாகக் குளத்தூர் போய்ச் சேர்ந்தோம். அண்ணன் முற்றத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். கிட்டாரை மடியில் வாங்கி, வலது கையால் சேடில்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு கைப்பிடியைக் கண்டார். அதை அவர் ஒருபோதும் மாட்டியதில்லை.

"பின்மூடியைக் கழற்று, மக்களே" என்றார்.

மகன் கழற்றினான். அண்ணன் குனிந்து உள்ளே பார்த்தார். ஒரு துண்டு இல்லை என்பதைக் கண்டுகொண்டார். என் வயிறு கலங்கிற்று. ஊரிலிருந்து அனுப்பிய வாக்கை நாங்கள் மீறிவிட்டதுபோல ஓர் உணர்வு.

"கம்பி அறுந்தால்?" என்று கேட்டார்.

மகன் பதில் சொல்லவில்லை. கிட்டாரை நிமிர்த்தி, முதல் கம்பியின் முறுக்காணியைத் திருப்பித் திருப்பி, கம்பி தொய்ந்து தொங்கும்வரை தளர்த்தினான். அறுந்தாலும் அதே நிலைதான். பிறகு அண்ணனுடைய காலருகே திண்ணையில் அமர்ந்து, கிட்டாரை அவருடைய மடியிலேயே வைத்து, தன் இடது கையால் கழுத்தைப் பிடித்து 'ஜி' கார்டை அழுத்தினான். "நீங்கள் அடித்துப் பாருங்கள், பெரியப்பா" என்றான்.

அண்ணன் வலது கை பெருவிரலால் கீழ்நோக்கி ஒருமுறை இழுத்தார். ஐந்து கம்பிகளும் சுருதி பிசகாமல் ஒலித்தன. மகன் 'சி'-க்கு மாறினான். அவர் மீண்டும் அடித்தார். 'டி'-க்கு மாறினான். நான்கு ஆண்டுகளாக அடிக்காத கை, தாளத்தை மறக்கவில்லை. உள்ளே இருந்த அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

எவ்வளவு நேரம் அப்படி இருவரும் ஒரே கிட்டாரை வாசித்தார்கள் என்று தெரியவில்லை. தெருவில் ஒலிபெருக்கிச் சோதனை கேட்டபோது அண்ணன்தான் கையை எடுத்தார்.

"முதல் கம்பியைத் திரும்ப ஏற்று. நேரமாகிறது. ஆறாம் கம்பியின் சேடில் கால் சுற்று உயரமாக இருக்கிறது, அதையும் இறக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீ பந்தலுக்கு முன்னே போ. ஜெனரேட்டர்க்காரன் எர்த் ராடு அடித்தானா என்று பார்" என்றார்.